பார்க்கவும் ஆள் வேண்டும்

(பட்டதாரி ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில், அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தூக்கம் வரும் நேரம் என்பது எனக்கும் தெரியும். ஆறாவது பாடவேளையில் இயற்கணிதம் நடத்திப் பழகியவள்தான் நானும். அதனால் இன்று கணக்கு வேண்டாம், ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நடுவில் ஒரே ஓர் எண் மட்டும் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில். கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாய், தீப்பெட்டி. எங்களுக்கு ஹாக்கியும் சேர்த்து. இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி இங்கேதான் நடக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பிள்ளை. அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தி செல்வமும் இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். எங்கள் பள்ளியிலும் ஒரு பெண்கள் அணி உண்டு. ஆனால் நான் வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் வரை அந்த அணி ஆடி ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. எனக்கு அது, மாணவிகள் வகுப்பில் இல்லாமல் போவதற்கான ஒரு காரணம். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'ஓ.டி.' என்று எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடும்.

2017ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். எங்கள் கோல் கீப்பர் அந்த வகுப்பில் படித்தாள். அந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் எங்கள் அணி ஜெயித்து, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போனது. பிள்ளைகளோடு போனது உடற்கல்வி ஆசிரியரும், துணைக்கு ஓர் ஆசிரியையும். இரண்டே பேர். மறுநாள் அந்தப் பிள்ளை மணிக்கட்டு வீங்கிப்போய் வகுப்புக்கு வந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "நேத்து நடத்தின கணக்கை யார்கிட்டயாவது வாங்கி எழுதினியா?" என்பதுதான். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. தோற்றிருந்தார்கள். அதுவும் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள், "டீச்சர், இனிமே ஹாக்கிக்குப் போகல" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். "நல்லதும்மா, அடுத்த வருசம் பத்தாவது, படி" என்றேன். ஏன் போகவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல ஆசிரியர் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. தங்கை அப்போது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. அம்மாவுக்குத் தனியாக விமானம் ஏறப் பயம். நான் முறைப்படி துறை அனுமதி வாங்கி, ஈட்டிய விடுப்பில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பிரசவம் பார்க்கப் போன இடத்தில்தான் ஹாக்கியைப் பார்த்தேன்.

டுலூத், சுப்பீரியர் ஏரிக் கரையில் இருக்கிறது. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. நின்று பார்த்தால் மறுகரை தெரியாது, நம்ம தூத்துக்குடிக் கடல் மாதிரியே இருக்கும். ஏப்ரல் பிறந்தும் அங்கே குளிர் விடவில்லை. நம் ஊரில் தார்ச்சாலை உருகும் மாதம். அங்கே காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே. அப்படிப்பட்ட ஊரில் ஹாக்கி என்றால் பனித்தரை மேல் ஆடும் ஐஸ் ஹாக்கிதான். அணிக்கு ஆறு பேர் களத்தில். காலில் ஸ்கேட். பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டத்தில், ஓர் அங்குலக் கனத்தில் ஒரு ரப்பர் வட்டு. துள்ளாமல் இருப்பதற்காக அதையும் உறைய வைத்துத்தான் களத்தில் போடுவார்களாம். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்.

அங்கே கல்லூரி அணிகளுக்குத் தேசிய அளவில் ஒரு கோப்பை உண்டு. 1948இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் நான்கே அணிகளோடு தொடங்கியது. இப்போது பதினாறு அணிகள். நாக் அவுட் முறை. கடைசியில் மிஞ்சும் நான்கு அணிகள் ஒரே நகரத்தில் கூடும். அதற்கு 'ஃப்ரோஸன் ஃபோர்' என்று பெயர். உறைந்த நால்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை அரையிறுதி இரண்டும், சனிக்கிழமை இறுதிப் போட்டியும் நடக்கும். 2018இல் அது செயின்ட் பால் நகரத்தில். டுலூத்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர். கோவில்பட்டியிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம். அந்த நான்கில் ஓர் அணி, என் தங்கை வீட்டுக்காரர் வேலை பார்த்த டுலூத் வளாகத்தின் அணி.

இங்கேதான் நான் சொன்ன எண் வருகிறது. அந்த ஆண்டு அங்கே முதல் பிரிவில் 60 கல்லூரி அணிகள். பதினாறு இடங்களில் ஆறு இடம், ஆறு கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மீதிப் பத்து இடத்துக்கு, தன் வெற்றி, எதிராளியின் வெற்றி, எதிராளியின் எதிராளியுடைய வெற்றி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு அப்போது ஒரு தரவரிசை போட்டார்கள். கடைசி இடத்துக்கு டுலூத் அணியும், மினியாப்பொலிஸ் நகரில் இருக்கும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகத்து அணியும் மோதிய நிலை. வித்தியாசம் 0.0001. பத்தாயிரத்தில் ஒரு பங்கு. டுலூத் உள்ளே, மினசோட்டா வெளியே.

நான் வகுப்பில் நான்காம் தசம இடத்தைச் சொல்லித்தரும்போது, "இது எதுக்கு டீச்சர் உதவும்?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இப்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் வயதான ஒரு தம்பதி. அந்த அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டீச்சர் என்று தெரிந்ததும் தினமும் வேலி ஓரம் நின்று பேசுவார். என் ஆங்கிலம் கணக்கு டீச்சர் ஆங்கிலம். அவர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் மெதுவாகத்தான் பேசுவார். எங்களுக்கு ஒத்துப்போனது. வியாழக்கிழமை டுலூத் அணி ஒஹாயோ ஸ்டேட் அணியை 2-1 என்று ஜெயித்ததைத் தங்கை வீட்டில், கைக்குழந்தை எழுந்துவிடாதபடி சத்தமில்லாமல் தொலைக்காட்சியில் பார்த்தோம். மறுநாள் அந்த அம்மா வந்து, "எங்களோடு வர வேண்டிய ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு டிக்கெட் இருக்கிறது, வருகிறீர்களா?" என்றார். நான் தயங்கினேன். என் அம்மாதான், "பிள்ளையை நான் பார்த்துக்கிடுதேன், நீ போயிட்டு வா. நம்ம ஊர் ஆட்டமாச்சே" என்றார். இரண்டும் வேறு வேறு ஹாக்கி என்று அம்மாவுக்கு நான் விளக்கவில்லை.

ஏப்ரல் 7, சனிக்கிழமை காலை கிளம்பினோம். நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னும் பின்னும் அரக்கும் தங்க நிறமும் கலந்த கொடி கட்டிய கார்கள். முந்திப் போகிறவர்கள் ஹாரன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை வழியில் பார்த்தால் நாமும் தெரியாதவர்களிடம் "எந்த ஊரு?" என்று கேட்போமே, அது மாதிரி. பாதி வழியில் ஹிங்க்லி என்ற சிற்றூர். அங்கே டோபீஸ் என்ற உணவகம். டுலூத்துக்கும் இந்த இரட்டை நகரங்களுக்கும் போய் வருகிற எல்லோரும் அங்கே நிறுத்திக் கேரமல் பாகு ஊற்றிய உருண்டை ரொட்டி வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். எங்கள் மேசையைச் சுற்றி எல்லாமே அணியின் சட்டை போட்டவர்கள். நான் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து மேசை வரைக்கும் போனது. இதற்குப் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டார். "எங்கள் ஊர் ஹாக்கி மிட்டாய்" என்றேன். பொய்தான், மன்னியுங்கள்.

காரில் போகும்போது அந்த அம்மா முந்தின ஆண்டுக் கதையைச் சொன்னார். 2017இலும் டுலூத் அணி இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறது. சிகாகோவில் ஆட்டம். ஏழெட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போயிருக்கிறார்கள். டென்வர் அணியிடம் 3-2 என்று தோல்வி. திரும்பி வரும்போது கணவனும் மனைவியும் ஒரு மாநிலத்தைக் கடக்கும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நான் கேட்டேன், "அவ்வளவு தூரம் போய்த் தோற்ற பிறகு, மறுபடியும் எப்படிப் போகத் தோன்றுகிறது?"

அவர் யோசிக்கவே இல்லை. "தோற்று வெளியே வரும்போதும் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே யாராவது நிற்க வேண்டாமா?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பிப் பார்த்து, "உங்கள் பள்ளியிலும் ஹாக்கி உண்டு என்று சொன்னீர்களே. அவர்கள் ஆடும்போது பள்ளியிலிருந்து எத்தனை பேர் போவீர்கள்?" என்று கேட்டார்.

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். என்ன பதில் சொல்வது? உடற்கல்வி ஆசிரியர் போவார் என்றேன். "மற்றவர்கள்?" என்றார். வகுப்பு இருக்கும் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வீங்கிய மணிக்கட்டோடு நின்ற அந்தப் பிள்ளையின் முகம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 'இனிமே போகல' என்று ஏன் சொன்னாள் என்ற கேள்வியும் அந்தக் காரில் வைத்துத்தான் முதல் தடவையாக எனக்கு வந்தது.

செயின்ட் பாலில் அந்த அரங்கத்துக்கு அப்போது எக்செல் எனர்ஜி சென்டர் என்று பெயர். சுற்றியுள்ள தெருவெல்லாம் கூட்டம். நான் எதிர்பார்த்தது இரண்டு நிறம். டுலூத்தின் அரக்கு, எதிரணியான நோட்டர் டேமின் நீலம். ஆனால் அங்கே பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று எல்லா நிறத்திலும் ஆட்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் வட டகோட்டா பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள். அவர்களுடைய அணி அந்த ஆண்டு பதினாறுக்குள்ளேயே வரவில்லை. அப்புறம் ஏன் வந்திருக்கிறார்கள்? அந்த அம்மா சொன்னார்: இந்தப் போட்டிக்கு டிக்கெட்டை நெடுநாள் முன்னதாகவே வாங்கிவிடுவார்கள். தன் அணி வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். வரும்போது தன் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஆட்டத்தில் இல்லாத கல்லூரியின் பெயரும் அந்தத் தெருவில் நடந்துபோகும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அரக்கும் தங்க நிறமும் போட்டிருந்தார். நம்ம ஆள் என்று நினைத்து, "டுலூத் ஜெயிக்கும்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் பெரிய வளாகத்துக்காரர். ஒரே பல்கலைக்கழகக் குடும்பம் என்பதால் இரண்டு அணிக்கும் ஒரே நிறம். பத்தாயிரத்தில் ஒரு பங்கில் வெளியே போன அணியின் ரசிகரிடம் போய் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் வீட்டு வாசலில் கல்யாணம், எங்களுக்குத்தான் அழைப்பு இல்லை" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஆனாலும் வந்திருந்தார்.

உள்ளே போனதும் நான் நின்றுவிட்ட இடம் ஒன்று உண்டு. அரங்கத்தைச் சுற்றி மேலே வரிசையாகச் சட்டைகள் மாட்டியிருக்கின்றன. பெரிய வீரர்களின் சட்டை என்று நினைத்தேன். இல்லை. மினசோட்டா மாநிலத்தில் ஹாக்கி அணி வைத்திருக்கும் உயர்நிலைப் பள்ளிகளின் சட்டைகள். பள்ளிச் சட்டைகள்! கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள் ஆடுகிற அரங்கத்தில், ஒரு சின்ன ஊர்ப் பள்ளியின் பெயரும் தொங்குகிறது. அதே அரங்கத்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும் பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி நடக்கும். எல்லா நாளையும் சேர்த்தால் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து பார்ப்பார்களாம். பக்கத்து வீட்டு அம்மா தன் பழைய பள்ளியின் சட்டையை விரலால் சுட்டிக் காட்டினார். எழுபது வயதுக்காரர், குழந்தை மாதிரி.

ஆட்டத்தை முழுக்கச் சொல்ல எனக்குத் தெரியாது. வட்டு எங்கே போகிறது என்பதே பாதி நேரம் கண்ணுக்குப் படவில்லை. 18,000 பேருக்கு மேல் கூட்டம். டுலூத் முதல் பகுதியிலேயே இரண்டு கோல் போட்டது. முதல் கோல், அணித் தலைவர் கார்சன் குல்மன் போட்டது. இரண்டாம் பகுதியில் நோட்டர் டேம் ஒன்று திருப்பியது. கடைசி இருபது நிமிடம் யாரும் உட்காரவில்லை. எங்கள் பகுதிக்குக் கீழே கல்லூரியின் இசைக்குழு. பக்கத்து வீட்டு அம்மாவின் பேத்தி அதில் டிரம்பெட் வாசிக்கிறாள். அவளுக்கு ஸ்கேட் கட்டி நாலு அடி போகத் தெரியாதாம். ஆனால் அணி போன ஊருக்கெல்லாம் அவளும் போயிருக்கிறாள். ஆட்டம் நின்ற நொடியில் அவர்கள் வாசிக்கத் தொடங்குவார்கள். விசில் ஊதியதும் நிறுத்துவார்கள். தாத்தா வட்டைப் பார்த்தார். பாட்டி பேத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2-1. டுலூத் ஜெயித்தது. அந்தத் தொடரில் அவர்கள் ஆடிய நான்கு ஆட்டத்தையும் ஒரே கோல் வித்தியாசத்தில்தான் ஜெயித்திருக்கிறார்கள். கடைசி ஆளாக உள்ளே வந்த அணி கோப்பையை வாங்கியது. பக்கத்து வீட்டுத் தாத்தா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு பச்சைச் சட்டைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். தோற்ற நோட்டர் டேம் பிள்ளைகள் பனித்தரையில் மண்டியிட்டுக் கிடந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் நீலச் சட்டைக்காரர்கள் யாரும் கிளம்பவில்லை. தங்கள் பிள்ளைகள் எழுந்து உள்ளே போகும் வரை நின்று தட்டினார்கள். ஜெயித்த காட்சியைவிட எனக்கு அதுதான் மனதில் நின்றது.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் எல்லாம் நன்றாக இருக்கிறது, நம் ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே கல்லூரி விளையாட்டு என்பது பெரும் பணம் புழங்கும் இடம். டிக்கெட், பெட்ரோல், தங்குமிடம் என்று செலவு செய்ய முடிந்தவர்களின் பயணம் அது. குடித்துவிட்டுக் கத்தியவர்களையும் பார்த்தேன். நடுவரைத் திட்டியவர்களையும் பார்த்தேன். அதையெல்லாம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆடும்போது பெரியவர்கள் போய் நிற்பது என்கிற ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு டாலர் வேண்டாம். டவுன் பஸ் போதும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. உடற்கல்வி ஆசிரியரிடம் போய், "சார், இந்த வருசம் குறுவட்டப் போட்டி எப்ப? நானும் வரேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் டீச்சர், ஆடிட் ஏதும் வருதா?" என்றார். பதினைந்து வருடமாகத் தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர். அவர் கேட்டதில் தப்பில்லை.

தலைமையாசிரியரிடம் பேசினோம். அவருடைய கவலைகள் நியாயமானவை. வகுப்பு என்ன ஆவது? பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசி, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி, ஒரு பிரிவிலிருந்து மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். என் பாடவேளைகளைச் சமூக அறிவியல் ஆசிரியை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் திருப்பி எடுத்தேன். முதல் தடவை போனது பதினான்கு பேர். அதில் ஓர் அம்மா, தீப்பெட்டி ஆலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். தன் மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் வெளியே வரும் பள்ளி டிரம் ஒன்று பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். விளையாட்டும் வராது, படிப்பும் சுமார், மேசையில் தாளம் போட்டு என்னிடம் தினமும் திட்டு வாங்குவான். அவனிடம் அந்த டிரம்மைக் கொடுத்தோம். போகும் முன் உடற்கல்வி ஆசிரியர் எல்லோருக்கும் அரை மணி நேரம் ஆட்ட விதிகளைச் சொல்லித் தந்தார். நடுவரை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, எதிரணி கோல் போட்டாலும் கைதட்ட வேண்டும். இந்த இரண்டும் எங்கள் நிபந்தனை.

வந்த பதினான்கு பேரில் அந்தப் பழைய கோல் கீப்பரும் ஒருத்தி. பத்தாம் வகுப்பு. நான்தான் கூப்பிட்டேன். ஆட மாட்டேன், பார்க்க மட்டும் வருகிறேன் என்று வந்தாள். ஆட்டம் தொடங்கியதும் எங்களோடு உட்காரவில்லை. கோலுக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். புதுக் கோல் கீப்பர் ஏழாம் வகுப்புப் பிள்ளை. "இடது பக்கம் நகரு, கோணத்தை அடை, பயப்படாத" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கோணத்தை அடைப்பது! நான் கரும்பலகையில் கோணமானியை வைத்துச் சொல்லித்தருவதை அவள் காலால் செய்து கற்றிருக்கிறாள். அது தெரியாமல் ஒரு வருடம் அவளுக்குக் கணக்கு நடத்தியிருக்கிறேன்.

அன்று ஒரு கோலில் தோற்றோம். பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினோம். டிரம் பையன் நிறுத்தவே இல்லை. வெளியே பன்னும் எலுமிச்சைச் சாறும் வாங்கிக் கொடுத்தோம்.

திரும்பி வரும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், "போன வருசம் நீங்க வந்திருக்கலாம் டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"வந்திருக்கணும்மா. தப்புதான்" என்றேன்.

"அன்னைக்கு அந்த ஸ்கூல்ல இருந்து பஸ் நிறைய ஆள் வந்திருந்தாங்க. கோல் விழுந்தப்போ எல்லாரும் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம பக்கம் பார்த்தேன். பி.டி. சார் மட்டும் நின்னாங்க" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் மறுபடியும் மட்டையைத் தொட்டு ஆடினாள், மாநில அணிக்குப் போனாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு நல்லபடியாக முடித்து வேறு பள்ளிக்குப் போனாள். இப்போது செவிலியராக வேலை பார்க்கிறாள். நன்றாக இருக்கிறாள். ஆனால் அவளுடைய ஹாக்கி ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதில் என் பங்கும் உண்டு. அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் விட்டதில்லை. பெருந்தொற்றுக் காலம் தவிர ஒவ்வோர் ஆண்டும் யாராவது போகிறோம். சில ஆண்டு முப்பது பேர், சில ஆண்டு ஆறு பேர். ஹாக்கிக்கு மட்டுமில்லை, கபடிக்கும் சதுரங்கத்துக்கும் கலைத் திருவிழாவுக்கும்தான். போக முடியாத நாளில், மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் ஆடியவர்களில் ஒருவரே வந்து ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். ஜெயித்தாலும் சொல்ல வேண்டும், தோற்றாலும் சொல்ல வேண்டும். 'ஓ.டி.' போட்ட மாணவர் திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "ஆட்டம் எப்படி?" என்பதாக இருக்க வேண்டும். நோட்டு அடுத்த கேள்விதான். இது எங்கள் ஆசிரியர் அறையில் நாங்களே பேசி வைத்துக்கொண்டது. சுற்றறிக்கை எதுவும் கிடையாது.

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் பள்ளி அணி ஆடிப் பார்த்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. காரில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தேதியை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் ஆடிட் வருகிறதா என்று கேட்டால் பயப்படாதீர்கள்.